கூரைக்கு மேல் ஒரு கூரை

சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு பத்து மணிக்கு மணலூர்பேட்டையின் தெருக்களில் நடந்து சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். புதிதாகக் கான்கிரீட் வீடு கட்டியவர்கள் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். வீட்டுக்குள் மின்விசிறி உண்டு, ஜன்னல் உண்டு. ஆயினும் உள்ளே தூக்கம் வருவதில்லை. அதே தெருவில் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டுக்காரர் உள்ளேயே நிம்மதியாக உறங்குகிறார். பல ஆண்டு உழைப்பையும் கடனையும் கொட்டிக் கட்டிய வீடு, இரவானதும் கட்டியவரையே வெளியே துரத்துவது ஏன்?

‘கான்கிரீட் என்றாலே சூடுதான்’ என்று எளிதாக விடை சொல்லிவிடுவோம். அந்த விடை சரிதானா? நம் ஊரிலிருந்து கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில், முழுவதும் கான்கிரீட்டால் ஆன ஒரு கட்டடம் எண்பது ஆண்டுகளாக நிற்கிறது. குளிர்பதனக் கருவி எதுவும் இல்லாமல் அதில் மக்கள் வசதியாக வாழ்கிறார்கள். அப்படியானால் குற்றம் கான்கிரீட்டின் மீது இல்லை என்றாகிறது. வேறு எங்கே இருக்கிறது? இயற்பியலின் துணையோடு தேடிப் பார்ப்போம்.

சூரியன் எங்கே நிற்கிறது?

வீடு கட்டுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மணலூர்பேட்டை வட அட்சரேகை 12 டிகிரியில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு நாட்கள், ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 20-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அன்று நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. சூரியன் மிகவும் தெற்கே சாயும் மார்கழியில்கூட, நண்பகலில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 54½ டிகிரி உயரத்தில் இருக்கும்.

இப்போது நார்வே நாட்டின் தலைநகரமான ஆஸ்லோவுக்குச் செல்வோம். அது இருப்பது வட அட்சரேகை 60 டிகிரிக்கு அருகில். அங்கே நடுக்கோடையில், ஆண்டிலேயே சூரியன் மிக உயர்ந்து நிற்கும் நாளின் நண்பகலில், அதன் உயரம் 53½ டிகிரிதான். அதாவது ஆஸ்லோவின் மிக உயர்ந்த சூரியன் நம் மார்கழிச் சூரியனைவிடத் தாழ்ந்தது! அங்கே குளிர்காலத்தில் நண்பகல் சூரியன் 6½ டிகிரி உயரத்தில், வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடுகிறது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பலவும் பிறக்கின்றன. நார்வேயின் குளிர்கால வெயில் சுவரிலும் ஜன்னலிலும் விழுகிறது. நம் வெயிலோ கூரை மீது கொட்டுகிறது. கோடையில் நம் வீட்டுக் கூரையின் ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் பெறும் வெப்பம், கிழக்குச் சுவரோ மேற்குச் சுவரோ பெறுவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே, நம் ஊர் வீட்டில் சூரியனுக்கு முகம் கொடுப்பது கூரைதான்.

கூரை என்னும் அடுப்பு

ஒரு சிறு கணக்குப் போடலாம். 2024-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், குடிசைகளுக்கு மாற்றாக 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதாவது 33 சதுர மீட்டர். மேகமற்ற கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. அத்தனை பரப்புள்ள கூரை மீது விழுவது 33 கிலோவாட். 1000 வாட் மின்சார இஸ்திரிப் பெட்டிகள் முப்பத்து மூன்றைக் கூரை மீது கவிழ்த்து வைத்ததற்கு இது சமம். வெற்றுக் கான்கிரீட்டின் சாம்பல் நிறப் பரப்பு இதில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதில் ஒரு பகுதியைக் காற்றும் வானமும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. மீதி மெல்லக் கீழே இறங்குகிறது.

எவ்வளவு மெல்ல? வழக்கமான தளத்தின் கனம் 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மேற்பரப்பின் சூட்டலை அதைக் கடந்து கீழ்ப்பரப்பை அடைய மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். நண்பகல் வெயிலின் உச்சம் பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்குக் கீழே வருகிறது. அதோடு முடிந்தால் நல்லது. அது அறையின் சுவரையும் தரையையும் சூடேற்றுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் மாலை வெயில் ஏற்றிய சூடு உள்ளே வர ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மேற்குச் சுவர் நான்கு மணிக்கு வாங்கிய கடனை இரவு பத்து, பதினொன்றுக்கு நம்மிடம் திருப்பிச் செலுத்துகிறது!

மின்விசிறி ஏன் உதவுவதில்லை? வெப்பம் மூன்று வழிகளில் பரவும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள்: கடத்தல், சலனம், கதிர்வீச்சு. மின்விசிறி சலனத்தை மட்டுமே மாற்றும். கதிர்வீச்சை அதனால் தொட முடியாது. கூரையின் உட்பரப்பு 45 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால், 34 டிகிரியில் இருக்கும் நம் தோலின் மீது அது சதுர மீட்டருக்கு 70 வாட்டுக்கு மேல் கூடுதலாகக் கதிர்வீசும். தூங்கும் மனித உடல் உண்டாக்கும் வெப்பமே 70, 80 வாட்தான். தன் வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய உடல், கூரை தரும் வெப்பத்தையும் சுமக்கிறது. விசிறியைக் கூட்டி வைத்தும் புரண்டு புரண்டு படுப்பதன் காரணம் இதுதான்.

பழைய ஓட்டு வீட்டில் நடப்பது வேறு. ஓடுகளின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலே தப்பிவிடுகிறது. மெல்லிய ஓடு மாலையில் விரைவில் ஆறிவிடுகிறது. கல்வராயன் மலைச் சிற்றூர்களின் புல் கூரையும், சமவெளியின் கீற்றுக் கூரையும் தம் இழைகளுக்கு இடையே காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கின்றன. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

ஆயினும் கூரை வீட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது. கீற்றில் தீப்பிடித்தால் தெருவே எரியும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். வெள்ளத்தில் மண்சுவர் கரையும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1.7 லட்சம் கனஅடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டதை ஆற்றங்கரை மக்கள் மறக்கமாட்டார்கள். நெருப்புக்கும் நீருக்கும் அஞ்சியவர்கள் கான்கிரீட்டைத் தேர்ந்ததில் தவறில்லை. அந்தக் கான்கிரீட்டை எப்படிக் கட்டுவது என்பதே கேள்வி.

புதுச்சேரி தரும் விடை

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் ‘கோல்கொண்ட்’ என்றொரு தங்கும் விடுதி இருக்கிறது. ஐதராபாத் சமஸ்தானத்தின் உயர் பொறுப்பில் இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து வந்த நன்கொடையைக் கொண்டு கட்டப்பட்டதால், அங்குள்ள கோல்கொண்டாவின் பெயரே இதற்கும் வைக்கப்பட்டது. வரைந்தவர் போகிமியாவில் பிறந்து டோக்கியோவில் பணி செய்த ஆன்டனின் ரேமண்ட். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வழியினரான ஜார்ஜ் நகஷிமாவும், செக் நாட்டவரான ஃபிரான்டிசெக் சம்மரும் உடனிருந்து வேலையை நடத்தினார்கள். 1930-களின் நடுவில் திட்டம் உருவாகி, 1940-களில் கட்டடம் முடிந்தது. இந்தியாவில் எழுந்த முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் இதுவும் ஒன்று. ஆசிரமவாசிகள் பலரும் இதில் உடலுழைப்பைத் தந்தார்கள். அன்பர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கியே கைப்பிடி, கீல் முதலியவற்றை வார்த்தார்கள்.

புதுச்சேரியின் அட்சரேகையும் 12 டிகிரிக்கு அருகில்தான். ஆகவே மணலூர்பேட்டையின் சூரியனே அங்கும் சூரியன். அந்தச் சூரியனுக்கு இந்தக் கட்டடம் எப்படி விடை சொல்கிறது?

முதலாவது, அதன் திசை. நீண்ட முகங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலுக்குக் குறுகிய பக்கங்களே அகப்படுகின்றன. உயர்ந்து நிற்கும் சூரியனைத் தடுக்கச் சிறு நிழல் போதும். தாழ்ந்து வரும் மேற்கு வெயிலைத் தடுக்க எவ்வளவு நீளச் ‘சன்ஷேட்’ போட்டாலும் போதாது.

இரண்டாவது, அதன் சுவர். வடக்கிலும் தெற்கிலும் வழக்கமான சுவரே கிடையாது! ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீண்ட கிடைத்தகடுகள்தாம் உண்டு. அவற்றைக் கையால் திருப்பலாம். சாய்த்து வைத்தால் வெயிலும் மழையும் வராது, காற்று வரும். புயல் நாளில் முழுவதும் மூடிக்கொள்ளலாம். அறைகளுக்கும் வடபுற நடைகூடத்துக்கும் இடையே தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவுகள் இருக்கின்றன. அவை பார்வையைத் தடுக்கும், காற்றைத் தடுக்கமாட்டா. ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்கிறது. காற்று உள்ளே வருவதற்கு ஜன்னல் மட்டும் போதாது, வெளியேறவும் ஒரு ஜன்னல் வேண்டும் என்னும் எளிய உண்மையை இங்கே காணலாம். அன்று அத்தகடுகள் கல்நார் சிமெண்டால் செய்யப்பட்டன. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கேடு என்று இன்று அறிவோம். இன்று செய்வதானால் வேறு பொருளைத்தான் நாட வேண்டும்.

மூன்றாவது, நம் கட்டுரைக்கு முக்கியமானது, அதன் கூரை. கான்கிரீட் தளத்தின் மேல், வளைவாக வார்த்த மெல்லிய கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். அதாவது கூரைக்கு மேல் ஒரு கூரை. வெயிலை மேல் ஓடு வாங்கிக்கொள்கிறது. இடையிலுள்ள காற்று சூடேறினால் நகர்ந்து வெளியேறுகிறது. அதன் இடத்துக்கு வெளிக்காற்று வருகிறது. கீழே உள்ள தளம் நாள் முழுவதும் நிழலிலேயே இருக்கிறது. கட்டடம் கான்கிரீட்தான். ஆனால் வெயில் படுவது ஒரு கான்கிரீட், மனிதர் தலைக்கு மேல் இருப்பது இன்னொரு கான்கிரீட்!

நார்வேயும் இரண்டு கூரைகளும்

குளிர்நாடும் கூரையிலிருந்தே தொடங்குகிறது என்பது வியப்பான ஒற்றுமை. நார்வேயின் பழைய மரவீடுகளில் கூரைப் பலகை மீது பூர்ச்ச மரப்பட்டைகளை அடுக்கி, அதன் மேல் புல் வளர்ந்த மண்ணைப் பாளம் பாளமாகப் போர்த்தினார்கள். பட்டை நீரைத் தடுத்தது. மண் உள்ளிருக்கும் சூட்டைக் காத்தது. அதன் பாரம் பட்டையை நகராமல் அழுத்திப் பிடித்தது.

இன்றைய நார்வேக் கட்டடக் கலைஞர்கள் அந்தப் புல்கூரையை அப்படியே நகலெடுப்பதோடு நின்றுவிடவில்லை. டிரான்ட்ஹைம் நகரில் 2019-இல் திறக்கப்பட்ட ‘பவர்ஹவுஸ் பிராட்டோர்காயா’ என்னும் அலுவலகக் கட்டடத்தின் கூரையைத் தாழ்ந்த சூரியனை நோக்கிச் சரிவாக வெட்டி, ஏறத்தாழ 3000 சதுர மீட்டர் சூரிய மின்தகடுகளைப் பதித்தார்கள். ஆண்டுக் கணக்கில் தான் செலவிடுவதைவிட அதிக மின்சாரத்தை உண்டாக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. ஆஸ்லோவில் 2008-இல் திறந்த இசை நாடக அரங்கின் வெண்சலவைக்கல் கூரை, கடல்நீரின் விளிம்பு வரை சரிந்து இறங்குகிறது. ஊரார் அதன் மீது ஏறி நடக்கிறார்கள், உட்கார்ந்து வெயில் காய்கிறார்கள். இரண்டையும் வடிவமைத்தது ஸ்னோஹெட்டா என்னும் ஒரே நிறுவனம். நம் ஊர்க்காரர் அந்த அரங்கத்தைப் பார்த்தால், ‘இது ஊருக்கே போட்ட திண்ணை’ என்று சொல்லிவிடுவார்!

இவற்றில் எதையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஒரு சாண் கனத்துக்கும் குறைவான ஈரமண் போர்வையே சதுர மீட்டருக்கு 250 கிலோ வரை கனக்கும். நம் வீட்டு மாடிகள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமைக்கே திட்டமிடப்படுகின்றன. வெயிலை உள்ளே அழைக்கும் பெரிய கண்ணாடிச் சுவர் ஆஸ்லோவுக்குப் பொருந்தும். அதைப் பார்த்து நம் நகரங்களில் எழும் கண்ணாடிக் கட்டடங்களோ, வெயிலைச் சிறைப்பிடித்து வைத்துவிட்டு, குளிர்பதனக் கருவியால் அதை வெளியேற்றப் பாடுபடுகின்றன. கருவி அந்த வெப்பத்தைத் தெருவில்தான் கொட்டுகிறது. தெரு சூடாகிறது, அடுத்த வீட்டுக்காரரும் கருவி வாங்குகிறார்.

கோல்கொண்டையும்கூட அப்படியே நகலெடுக்கலாகாது. அங்கே பிற்பகலில் கடற்காற்று வீசும். உள்நாட்டிலுள்ள மணலூர்பேட்டையில் கோடைப் பிற்பகல் காற்று 38, 40 டிகிரியில் வரும். நம் தோலைவிடச் சூடான காற்று வீட்டுக்குள் வந்தால் சுவரையும் தரையையும் சேர்த்துச் சூடாக்கிவிடும். ஆகவே கடலோரத்துக்கு நாளெல்லாம் திறந்த வீடு ஏற்றது. உள்நாட்டுக்குக் கோடைப் பகலில் ஜன்னலை மூடி, இரவிலும் விடியலிலும் அகலத் திறப்பதே ஏற்றது. நம் பாட்டிமார் பத்து மணிக்குமேல் ஜன்னலைச் சாத்தி வைத்ததில் நல்ல இயற்பியல் இருந்தது.

நம் மாடியில் என்ன செய்யலாம்?

கட்டி முடித்த வீட்டுக்கும் வழி உண்டு. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவோம்.

மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது முதல் வழி. புதுச் சுண்ணாம்புப் பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரைந்துவிடுமாகையால் ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் மீண்டும் அடிக்க வேண்டும். அழுக்குப் படிந்த வெள்ளை பாதி வேலைதான் செய்யும்.

இரண்டாவது, பழைய மேஸ்திரிகள் தவறாமல் செய்த செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளமும் அதன் மேல் தட்டோடும். நீர் கசியாமல் இருக்க என்று இதைச் சொன்னாலும், வெப்பத்தைத் தாமதப்படுத்துவதிலும் இதற்குப் பங்குண்டு. செலவைக் குறைப்பதாக எண்ணி இன்று பல வீடுகளில் விட்டுவிடுவது இதைத்தான்.

மூன்றாவது, இரண்டாம் கூரை. அவரை, பீர்க்கு, புடலைப் பந்தலை மாடி மீது ஏற்றிவிட்டால் இலைகள் நிழல் தருவதோடு நீராவியை வெளிவிட்டுத் தாமும் சூடேறாமல் நிற்கும். இன்று சூரிய மின்தகடுகளைப் பலர் மாடியில் வைக்கிறார்கள். அவற்றைத் தளத்தோடு ஒட்டாமல், காற்று புகுந்து செல்லும் உயரத்தில் சட்டம் போட்டு வைத்தால் அவையே கோல்கொண்டின் மேல் ஓடுகள்! மின்சாரமும் கிடைக்கும், நிழலும் கிடைக்கும். எந்த இரண்டாம் கூரைக்கும் ஒரே விதி: இடைவெளியின் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். அடைத்துவிட்டால் சூடான காற்று அங்கேயே தங்கிவிடும். புயற்காற்று பிடுங்கிக்கொண்டு போகாதபடி சட்டத்தைத் தளத்தோடு உறுதியாகப் பிணைப்பதும் வேண்டும்.

இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு இன்னொரு வழி. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட் போடும் முறையைப் பரப்பினார். வளையும் தளத்தின் மேற்பகுதி அழுத்தப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. இழுப்பைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. வேலை செய்யாத கான்கிரீட்டின் இடத்தை ஓடு பிடித்துக்கொண்டால் சிமெண்டும் மணலும் மிச்சமாகும். ஓட்டுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் இது பொறியாளரின் கணக்கோடு செய்ய வேண்டிய வேலை.

மணல் மிச்சமாவது நம் ஊருக்குச் சிறிய செய்தியன்று. பெயரிலேயே மணலை வைத்திருக்கும் ஊர் இது. தை மாதம் 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் ஊரே தென்பெண்ணை மணலில் கூடுகிறது. அந்த மணல் மழைநீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு. அளவுக்கு மீறி அள்ளினால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் கீழே போகும். வீட்டுக்குள் கொட்டும் ஒவ்வொரு சட்டி கான்கிரீட்டிலும் ஏதோ ஓர் ஆற்றின் அல்லது மலையின் பங்கு இருக்கிறது. வீட்டுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு வாசலில் வேப்பமரம் நடுவதோடு முடிந்துவிடுவதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரே அளவான மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்புறத்தைத் திறந்து, ஒவ்வொன்றின் மீதும் ஒரு தட்டோட்டை மூடியாக வையுங்கள். முதல் ஓடு வெறுமனே இருக்கட்டும். இரண்டாவதற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மூன்றாவதன் நான்கு மூலைகளிலும் கூழாங்கல் வைத்து, அதன் மேல் இன்னோர் ஓட்டை நிறுத்துங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு வெப்பமானியைச் செருகி, மூன்றையும் வெயிலில் வையுங்கள். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை மணிக்கொரு முறை குறித்து, வரைபடத் தாளில் மூன்று வளைகோடுகளை வரையுங்கள். எந்தக் கோடு உயரே போகிறது என்பதோடு, உச்சம் எந்த மணிக்கு வருகிறது என்பதையும் கவனியுங்கள். நான்கு கூழாங்கற்கள் உண்டாக்கிய இடைவெளியின் மதிப்பு அப்போது தெரியும்.

அந்தத் தாளை வீட்டில் காட்டுங்கள். சென்ட்ரிங் அடிப்பதற்கு முன்னால், மேஸ்திரியிடம் பேசும் நாளில் காட்டினால் இன்னும் நல்லது. எந்தச் சுவர் மேற்கைப் பார்க்கிறது, காற்று எதிர்ப்பக்கம் வெளியேற வழி உண்டா, தளத்தின் மேல் நிழலுக்கு என்ன ஏற்பாடு என்னும் மூன்று கேள்விகளையும் அன்றே கேட்டுவிடுங்கள். தளம் போட்டு இறுகிய பின்னால் திசையை மாற்ற முடியாது. அந்த வீட்டில் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கப்போவதும், முதியவர்கள் கோடையைக் கடக்கப்போவதும் இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்கு அந்தக் கூரையின் கீழேதான்.